மூன்று கோயில், இரண்டு குருக்கள்: அண்டைப் பங்குகள் சேர்ந்து இயங்கத் திட்டமிட ஒரு முழு வழிகாட்டி

கத்தோலிக்கக் கோயில் ஒன்றில் திருப்பலி (பூசை) முடியப்போகிறது. இறுதி ஆசீருக்கு முன் ஓர் அறிவிப்பு: "நம் பங்கும் பக்கத்து இரண்டு பங்குகளும் சேர்ந்து இயங்குவது பற்றி ஒரு குழு ஆலோசிக்க இருக்கிறது." அவ்வளவுதான் வாசித்தார்கள். (பங்கு என்பது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் இருக்கும், ஒரு பகுதியின் கத்தோலிக்க மக்கள் சமூகம்.) மக்கள் வாசற்படி இறங்குவதற்குள் அது "நம்ம கோயிலை மூடப்போறாங்களாம்" என்று ஆகிவிட்டது. அந்தக் குழுவில் நானும் ஒருவன். எங்கள் முதல் இரண்டு கூட்டங்களும் வதந்தியை அணைப்பதிலேயே போயின.

அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பகிர்வது வேறு, இணைப்பது வேறு. குருவையும் பாடற்குழுவையும் அலுவலகத்தையும் பகிர்ந்துகொள்ளும் பங்குகள் தங்கள் பெயரையோ பதிவேட்டையோ வங்கிக் கணக்கையோ இழப்பதில்லை. இந்த வேறுபாடு குழுவுக்கே தெளிவாகாதவரை மக்களிடம் வாய் திறக்க வேண்டாம்.

இந்தத் தேவை எங்கிருந்து வருகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2023-இன் இறுதியில் உலகில் கத்தோலிக்கர் 140 கோடிக்கு மேல். குருக்கள் ஏறக்குறைய 4 இலட்சத்து 7 ஆயிரம். சராசரியாக ஒரு குருவுக்கு 3,400 பேருக்கு மேல் வருகிறது. சராசரியில் மறைந்துபோகும் இன்னொன்றும் உண்டு: குருக்களின் வயது. திட்டம் போடும்போது இன்று எத்தனை குருக்கள் என்று மட்டும் பார்க்காமல், ஐந்து வருடம் கழித்து எத்தனை பேர் வண்டி ஓட்டும் நிலையில் இருப்பார்கள் என்றும் பாருங்கள்.

முதல் படி: எந்த வழி என்று தெளிவாக்குங்கள்

1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதற்குச் சில வழிகளைத் தருகிறது. (நான் சொல்லும் எண்களும் அடைப்புக்குறிக்குள் தரும் எண்களும் இந்தத் தொகுப்பின் சட்ட எண்கள்; இலத்தீன் வழிபாட்டு மரபைச் சேர்ந்த திருச்சபைக்கானவை. கீழைத் திருச்சபைகளுக்கு 1990-இல் வந்த தனித் தொகுப்பு இருக்கிறது.)

மிக எளியது, ஒவ்வொரு பங்குக்கும் அதன் பங்குத்தந்தை அப்படியே இருக்க, மறைக்கல்வி, இளையோர் பணி, பாடற்குழுப் பயிற்சி, அலுவலக வேலை போன்றவற்றை மட்டும் பொதுவாக்குவது. பங்குத்தந்தையர் மனமொத்து, மறைவட்ட முதல்வரிடமும் ஆயரகத்திலும் (ஆயர், அதாவது பிஷப்பின் அலுவலகம்) சொல்லிவிட்டுத் தொடங்கலாம். 374-ஆம் சட்டம் அண்டைப் பங்குகளை மறைவட்டங்களாகச் சேர்க்க இடம் தருவதே இப்படி ஒன்றாகப் பணி செய்யத்தான்.

அடுத்தது, ஒரே குரு பல பங்குகளுக்குப் பங்குத்தந்தையாக இருப்பது. ஒருவருக்கு ஒரு பங்குதான் என்பது 526-ஆம் சட்டத்தின் பொது விதி. குருக்கள் குறைவாக இருந்தாலோ வேறு சூழல் வந்தாலோ அண்டைப் பங்குகள் பலவற்றை ஒருவரிடமே ஒப்படைக்கலாம் என்று அதே சட்டம் இடம் தருகிறது.

மூன்றாவது, கூட்டுப் பொறுப்பு. சட்ட எண் 517-இன் முதல் பகுதிப்படி பல குருக்களிடம் ஒரு பங்கையோ பல பங்குகளையோ ஒன்றாக ஒப்படைக்கலாம். எல்லாருக்கும் பங்குத்தந்தைக்குரிய கடமையும் அதிகாரமும் உண்டு. ஒருவர் மட்டும் ஒருங்கிணைப்பாளராக இருந்து ஆயருக்குப் பதில் சொல்வார், சட்டக் காரியங்களில் பங்குகளின் சார்பில் கையெழுத்திடுவார். குருக்களுக்குள் ஒத்துப்போகும் மனம் இருந்தால் இது நல்ல ஏற்பாடு. இல்லையென்றால் யோசிக்கவே வேண்டாம்.

நான்காவது, அதே சட்டத்தின் இரண்டாம் பகுதி: குருக்கள் பற்றாக்குறையால் ஒரு திருத்தொண்டரோ (டீக்கன்) அருட்சகோதரியோ பொதுநிலையினரோ (குருவோ துறவியோ அல்லாதவர்) பங்கு மக்களைக் கவனிக்கும் மேய்ப்புப் பணியில் பங்கேற்பது. அப்போதும் பங்குத்தந்தையின் அதிகாரம் கொண்ட ஒரு குரு அதை வழிநடத்த வேண்டும்.

இவை நான்கும் பகிர்வு. பங்குகளை இணைப்பது வேறு கதை. அதை ஆயர் மட்டுமே செய்யலாம். அதுவும் குருக்கள் மன்றத்தின் கருத்தைக் கேட்ட பிறகு (515). இணைத்தால் சொத்தும் கடனும் புதிய பங்குக்குப் போகும் (121). கோயில் கட்டடத்தை வழிபாட்டுப் பயன்பாட்டிலிருந்து விலக்குவது அதிலிருந்தும் தனியான நடைமுறை (1222). குருக்கள் பற்றாக்குறையோ மறைமாவட்டத்தின் பொதுவான நிதி நெருக்கடியோ மட்டும் ஒரு பங்கை ஒழிக்கப் போதிய காரணம் ஆகாது என்று வத்திக்கானின் குருக்களுக்கான பேராயம் 2020 ஜூலையில் வெளியிட்ட அறிவுறுத்தல் சொல்கிறது. வதந்தியோடு வருபவர்களிடம் காட்ட இந்த வரி மிகவும் உதவும். ஒருவேளை இணைப்பு ஆணையே வந்துவிட்டால், மறுபரிசீலனை கேட்டு ஆயருக்கு எழுத 10 நாள்தான். அதன்பின் உரோமைக்கு மேல்முறையீடு செய்ய 15 நாள். ஆறப்போட்டால் கதவு மூடிவிடும்.

இரண்டாம் படி: குழு

குருக்கள் எல்லாரும், ஒவ்வொரு பங்கிலிருந்தும் நான்கு பேர். பெரிய பங்குக்கு ஆறு, சின்னப் பங்குக்கு இரண்டு என்று வைக்காதீர்கள். முதல் கூட்டத்திலேயே சின்னப் பங்கு மனதளவில் வெளியேறிவிடும். அந்த நால்வரில் ஒருவர் நிதிக்குழுவைச் சேர்ந்தவராக இருக்கட்டும். இன்னொருவர், "இதெல்லாம் சரிப்படாது" என்று ஏற்கெனவே சொல்லித் திரிபவராக இருக்கட்டும். அவரை வெளியே விட்டால் வாசலில் பேசுவார், உள்ளே வைத்தால் கேள்வி கேட்பார். கேள்விதான் நமக்கு வேண்டும்.

ஆலயப் பணியாளரை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். எந்த விளக்கு எரியாது, எந்தச் சாவி யாரிடம் இருக்கிறது, பெரிய வெள்ளிக்கு எத்தனை நாற்காலி போட வேண்டியிருக்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

கூட்டம் மாறி மாறி மூன்று இடத்திலும் நடக்கட்டும். குழுவும் பங்குப்பேரவையும் ஆலோசனை சொல்லும் அமைப்புகள்தான் (536). முடிவு பங்குத்தந்தையிடமும் ஆயரிடமும் இருக்கிறது. இதை முதல் நாளே சொல்லிவிட்டால் பின்னால் "நாங்க ஓட்டுப் போட்டோமே" என்ற மனக்கசப்பு வராது.

மூன்றாம் படி: எண்ணுங்கள்

பொதுக் காலத்தில் (பெருவிழாக் காலங்கள் அல்லாத வாரங்களில்) நான்கு ஞாயிறு தொடர்ந்து ஒவ்வொரு திருப்பலிக்கும் வருபவர்களின் தலையை எண்ணுங்கள். கிறிஸ்துமஸ், குருத்தோலை ஞாயிறு கணக்கு உதவாது. பதிவேடுகளிலிருந்து கடந்த பத்து வருடத் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் எண்ணிக்கையை எடுங்கள். ஒரு பங்கில் அடக்கம் கூடிக்கொண்டும் திருமுழுக்கு குறைந்துகொண்டும் போனால், அந்தப் பங்குக்கு இன்னொரு திருப்பலியைவிட நோயாளிகளைச் சந்திக்கும் குழு அதிகம் தேவை என்று அர்த்தம்.

அப்புறம், குருக்களின் ஒரு வாரம். ஒவ்வொரு குருவும் இரண்டு வாரம் தன் நேரத்தை மணிக்கணக்கில் எழுதட்டும். எங்கள் குழுவில் ஒரு குரு தயங்கித் தயங்கித்தான் எழுதிக் கொடுத்தார். பார்த்தால், வாரத்தில் பதினோரு மணி நேரம் கட்டட வேலைக்காரர்களோடும் மின்கட்டண, தண்ணீர்த் தொட்டி விவகாரங்களோடும் போயிருக்கிறது. நோயாளிகளுக்கு இரண்டு மணி நேரம். திருப்பலிகளைக் குறைக்கலாமா என்று அதுவரை வாதாடிக்கொண்டிருந்த எல்லாரும் அந்தத் தாளைப் பார்த்து அமைதியாகிவிட்டோம். அவருக்குத் தேவைப்பட்டது இன்னொரு குருவே அல்ல, மூன்று பங்குக்கும் பொதுவாக ஒரு கட்டடப் பொறுப்பாளர்.

நான்காம் படி: ஞாயிறு அட்டவணை

எல்லாத் திட்டமும் தடுக்கி விழுகிற இடம் இது. பொறுமையாகப் போவோம்.

சட்டம் என்ன சொல்கிறது? ஒரு குரு நாளுக்கு ஒரு திருப்பலி நிறைவேற்றுவதே வழக்கம். குருக்கள் குறைவாக இருந்தால், தக்க காரணத்துக்காக ஆயரின் அனுமதியோடு இரண்டு. மேய்ப்புத் தேவை இருந்தால் ஞாயிறுகளிலும் கடன் திருநாள்களிலும் (திருப்பலியில் பங்கேற்பது கடமையான திருநாள்கள்) மூன்று வரை (905). சனி மாலைத் திருப்பலியும் ஞாயிறு கடனை நிறைவேற்றும் (1248).

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பெரிய கோயில்: 600 இருக்கை, சனி மாலையும் ஞாயிறும் சேர்த்து 420 பேர். நடுக்கோயில்: 350 இருக்கை, ஞாயிறு இரண்டு திருப்பலிக்கும் சேர்த்து 240 பேர். சின்னக் கோயில்: 200 இருக்கை, ஒரே திருப்பலிக்கு 130 பேர். மொத்தம் ஐந்து திருப்பலி, இரண்டு குருக்கள். "ரெண்டும் மூணும் அஞ்சு, சரியாப் போச்சே" என்று ஒருவர் சொல்வார். சரியாகத்தான் போகும், ஒரு குருவுக்குக் காய்ச்சல் வரும் வரை.

நான் பரிந்துரைக்கும் விதி இது: ஒரு குரு படுத்துவிட்டாலும் மற்றவர் ஒருவரே தாங்கக்கூடிய அட்டவணையைப் போடுங்கள். சனி மாலை ஒன்று, ஞாயிறு மூன்று, ஆக நான்கு. பெரிய கோயிலில் சனி மாலை 6:00. ஞாயிறு நடுக்கோயிலில் 7:00, சின்னக் கோயிலில் 8:45, மீண்டும் பெரிய கோயிலில் 10:30. திருப்பலிக்கு 60 நிமிடம், அடுத்த கோயிலுக்குப் போக 20 நிமிடம். இடையில் 25 நிமிடம் மிஞ்சும். சாதாரண வாரங்களில் ஒரு குரு பெரிய கோயிலையும் மற்றவர் மற்ற இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம். சில வாரங்களுக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்ளலாம்.

அந்த 25 நிமிடத்தை விட்டுக்கொடுக்கவே கூடாது. திருப்பலிக்கு முன் பாவசங்கீர்த்தனம் கேட்பது அதில்தான். முடிந்தபின் வாசலில் நின்று, "அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பது அதில்தான். திருவுடையைக் கையில் சுருட்டிக்கொண்டு வண்டிக்கு ஓடும் குருவை மூன்று மாதம் பார்த்தால், மக்கள் அவரைத் தங்கள் பங்குத்தந்தை என்று நினைப்பதை நிறுத்திவிடுவார்கள்.

இந்தக் கணக்கில் நடுக்கோயில் ஒரு திருப்பலியை இழக்கிறது. 350 இருக்கையில் 240 பேர் தாராளமாக உட்காரலாம் என்பது கணக்கு. ஆனால் இருபது வருடமாக 10 மணித் திருப்பலிக்கு, அதே தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அது கணக்கு அல்ல. அவர்களிடம் ஓர் அறிவிப்புத் தாளைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்; அந்தத் திருப்பலியின் பாடற்குழு, வாசகர்கள், பீடப் பணியாளர்கள் ஒவ்வொருவரையும் முன்கூட்டியே பார்த்து, புது அட்டவணையில் அவர்களுக்கு எந்த இடம் என்று பேசி முடியுங்கள். பாதி வருத்தம், "நான் இனி எங்கே பாடுவேன்?" என்பதுதான்.

பாஸ்கா மூன்று நாள்களை (பெரிய வியாழன் மாலை முதல் உயிர்ப்பு ஞாயிறு வரை) தனியாகத் திட்டமிடுங்கள். மக்களும் பணியாளர்களும் மிகக் குறைவான இடங்களில், உரிய சிறப்போடு கொண்டாட முடியாவிட்டால், பெரிய கோயிலில் ஒன்றுகூடச் சொல்கிறது 1988-இல் வந்த உரோமை வழிகாட்டல். உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பு இருட்டிய பிறகே தொடங்க வேண்டும் என்பதால், ஒரே குரு இரண்டு இடத்தில் அதை நடத்துவது நடைமுறையில் அடிபடும். வருடத்துக்கு ஒரு கோயில் என்று சுழற்சி வையுங்கள். மற்ற இரண்டு பங்குகளின் பாஸ்கா மெழுகுதிரிகளையும் அங்கே கொண்டுவந்து, முடிந்தபின் மக்களே தங்கள் கோயிலுக்கு எடுத்துச் செல்லட்டும். பாதுகாவலரான புனிதரின் திருவிழாக்களை மட்டும் பொதுவாக்க நினைக்காதீர்கள். அவை அந்தந்தப் பங்கிலேயே நடக்கட்டும், மற்றவர்கள் விருந்தினராகப் போகட்டும்.

ஐந்தாம் படி: குருக்களைப் பகிர்வதில் உள்ள நுணுக்கங்கள்

திருப்பலி நிறைவேற்ற, நோயில்பூசுதல் (நோயாளிகளுக்கு எண்ணெய் பூசும் அருளடையாளம்) கொடுக்கப் பக்கத்துக் குரு வருவதில் பெரிய சிக்கல் இல்லை. திருமணம் அப்படியல்ல. ஒரு பங்குத்தந்தை தன் பங்கின் எல்லைக்குள்தான் திருமணத்தைச் செல்லத்தக்க முறையில் நடத்திவைக்க முடியும் (1109). பக்கத்துப் பங்குக்கு அவர் வந்தால் அங்குள்ள பங்குத்தந்தையோ ஆயரோ அவருக்கு அதிகாரம் வழங்கியிருக்க வேண்டும். பொதுவான அதிகாரம் என்றால் அது எழுத்தில் இருக்க வேண்டும் (1111). "நாமெல்லாம் ஒண்ணுதானே ஃபாதர், வந்து முடிச்சு வைங்க" என்று பொதுவாகச் சொல்லும் வாய்வார்த்தை போதாது. எங்களுக்கு ஒரு திருமணத்துக்கு முந்தின நாள் மாலை, ஒத்திகையின்போதுதான் இது நினைவுக்கு வந்தது. பங்குத்தந்தை ஊரில் இல்லை. ஆளைப் பிடித்துக் கடிதம் வாங்கும்போது இரவு ஒன்பதரை. விட்டிருந்தால் அந்தத் திருமணமே செல்லாததாகியிருக்கும். ஆகவே முதல் நாளே எல்லாக் குருக்களுக்கும் எழுத்து மூலமான பொது அதிகாரம் வாங்கி, மூன்று அலுவலகத்திலும் நகல் வையுங்கள். ஒருவரே மூன்றுக்கும் பங்குத்தந்தை என்றாலோ கூட்டுப் பொறுப்பு என்றாலோ இந்தப் பிரச்சினை இல்லை.

பல பங்குகளைப் பார்க்கும் பங்குத்தந்தை, மக்களுக்காக ஒப்புக்கொடுக்க வேண்டிய ஞாயிறு திருப்பலியைப் பங்குக்கு ஒன்றாகச் செய்யத் தேவையில்லை. எல்லாருக்குமாக ஒன்று போதும் (534). ஒரே நாளில் பல திருப்பலி நிறைவேற்றும் குரு, ஒரு கருத்துக்கான (திருப்பலியில் வேண்டச் சொல்லிக் கொடுக்கும் வேண்டுதல்) காணிக்கையை மட்டுமே தனக்கு வைத்துக்கொள்ளலாம்; மற்றவை ஆயர் குறித்த நோக்கத்துக்குப் போகும், கிறிஸ்துமஸ் மட்டும் விதிவிலக்கு (951). பொது அலுவலகம் வைத்தால் திருப்பலிக் கருத்துக் குறிப்பேடு ஒன்றே இருக்கட்டும். இல்லையென்றால் ஒரே திருப்பலிக்கு இரண்டு குடும்பங்களின் கருத்து எழுதப்பட்டுவிடும்.

அவசர அழைப்புக்கு ஒரே தொலைபேசி எண். அதை எந்த வாரம் யார் எடுப்பார் என்று அட்டவணை. குருக்கள் ஒரே இல்லத்தில் சேர்ந்து வாழ்வதைச் சட்டமும் ஊக்குவிக்கிறது (280). தனியாக மூன்று வீட்டில் சாப்பிடுவதைவிட அது அவர்களுக்கும் நல்லது. ஆனால் காலியாகும் பங்கு இல்லத்தில் வாரத்தில் சில மணி நேரமாவது விளக்கு எரியட்டும், அலுவலகம் திறந்திருக்கட்டும். ஒவ்வொரு குருவுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. இதைக் குருக்கள் கேட்க மாட்டார்கள்; குழுதான் எழுதி வைக்க வேண்டும்.

குரு வர முடியாத ஞாயிறுகளுக்கு இறைவார்த்தை வழிபாட்டை நடத்தச் சிலரைப் பயிற்றுவித்து, ஆயரின் ஒப்புதல் வாங்கி வையுங்கள். அது வேறு, திருப்பலியில் மறையுரை (பிரசங்கம்) ஆற்றுவது வேறு. பின்னது குருவுக்கும் திருத்தொண்டருக்கும் மட்டுமே உரியது (767).

ஆறாம் படி: பணமும் சொத்தும்

ஒவ்வொரு பங்கும் தனிச் சட்ட ஆள், அதாவது சட்டத்தின் பார்வையில் ஒரு தனி நபரைப் போன்றது. சொத்து அதனுடையது (1256). நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம் (537). மூன்றும் சேர்ந்து கூடலாம், கணக்கு மட்டும் கலக்கக் கூடாது. ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்த காணிக்கையை அதற்கு மட்டுமே செலவிட வேண்டும் (1267). கூரை நிதி என்று வாங்கியதில் பொது அலுவலகத்துக்குக் கணினி வாங்கக் கூடாது, மூன்று பங்குகளும் ஒத்துக்கொண்டாலும்.

பொதுச் செலவை எப்படிப் பிரிப்பது? வழக்கமான ஞாயிறு காணிக்கையில் மூன்று பங்குகளும் 60, 30, 10 சதவீதம் என்று வையுங்கள். அதே விகிதத்தில் செலவையும் பிரித்தால் பெரிய பங்கு, "நாங்கதான் எல்லாத்தையும் சுமக்கிறோம்" என்னும். சரிசமமாகப் பிரித்தால் சின்னப் பங்கு மூச்சுத் திணறும். பாதியைச் சமமாகவும் பாதியை விகிதப்படியும் பிரித்தால் தோராயமாக 47, 32, 22 வரும். சின்னப் பங்குக்கு அதன் பலத்தைப்போல் இருமடங்குக்கு மேல். கால் பங்கைச் சமமாகவும் முக்கால் பங்கை விகிதப்படியும் வைத்தால் 53, 31, 16. எங்களுக்கு இதுதான் ஒத்துவந்தது. எந்தச் சூத்திரமானாலும் வருடத்துக்கு ஒருமுறை மறுபடி கணக்கிடுவது என்று எழுதிவிடுங்கள்.

பொதுப் பணியாளரை எந்தப் பங்கு வேலைக்கு அமர்த்துகிறது, விடுப்பை யார் தருவார், சேமநலத் தொகையை யார் கட்டுவார் என்பதெல்லாம் ஒரே பங்கின் பெயரில், அந்த நாட்டுத் தொழிலாளர் சட்டப்படி இருக்கட்டும். மற்ற பங்குகள் தங்கள் பங்குத் தொகையை அதற்குக் கொடுக்கும். மூன்று முதலாளி உள்ளவருக்கு யாருமே முதலாளி இல்லை. சம்பளம் தாமதமாகும் மாதத்தில் இது தெரியும்.

பதிவேடுகள் அந்தந்தப் பங்கிலேயே தனித்தனியாக (535). பொது அலுவலகத்துக்கு எடுத்துப் போனாலும் ஒன்றோடொன்று கலக்காமல், பூட்டிய அலமாரியில்.

ஏழாம் படி: மக்களிடம் சொல்வதும் தொடங்குவதும்

மூன்று பங்கிலும் ஒரே வாரத்தில், ஒரே தாளை வாசித்து அறிவியுங்கள். முதல் வரியிலேயே எது மாறாது என்று சொல்லுங்கள்: பங்கின் பெயர், பாதுகாவலர் திருவிழா, கணக்கு, கல்லறை. அப்புறம் எது மாறுகிறது. கேள்வி கேட்க ஒரு மாலை கூட்டம். குருக்கள் மூவர் என்றால் மூவரும் அங்கே இருக்க வேண்டும்.

சின்னதாகத் தொடங்குங்கள். கூட்டு மறைக்கல்வி ஆசிரியர் பயிற்சி, திருமணத் தயாரிப்பு வகுப்பு, உறுதிப்பூசுதல் தயாரிப்பு. பிள்ளைகள் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டால் பெற்றோர் தானாகப் பேசத் தொடங்குவார்கள். திருப்பலி நேர மாற்றத்தை அதற்கு ஆறு மாதம் கழித்து, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலமும் தவக்காலமும் இல்லாத ஒரு ஞாயிறில் தொடங்குங்கள். ஆறு மாதம் சோதனை என்று சொன்னால் ஆறாம் மாதம் உண்மையிலேயே மறுபடி தலையை எண்ணுங்கள். நடுக்கோயிலின் 240 பேரில் எத்தனை பேர் வேறு நேரத்துக்கு மாறினார்கள், எத்தனை பேர் வரவே இல்லை என்று பெயரோடு பாருங்கள். வராதவர்கள் வீட்டுக்கு யாராவது போக வேண்டும்.

கடைசியாக, குரு மாற்றம். இதில்தான் பல நல்ல ஏற்பாடுகள் கரைந்துபோகின்றன. வாய்ப்பேச்சாக இருந்ததை அடுத்து வருபவர் எப்படி அறிவார்? ஆயர் ஒப்பமிட்ட ஒப்பந்தம், திருமண அதிகாரக் கடிதங்கள், செலவுச் சூத்திரம், பாஸ்கா சுழற்சி, அவசர எண் அட்டவணை, எந்தச் சாவி யாரிடம் என்ற பட்டியல் ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டு, மூன்று நகல் எடுத்து, மூன்று திருப்பொருள் அறையிலும் ஒவ்வொன்று வையுங்கள். புதுக் குரு வந்த முதல் வாரமே, மூன்று பங்கின் ஆலயப் பணியாளர்களும் சேர்ந்து அதை அவரிடம் கொடுத்து ஒவ்வொரு பக்கமாக விளக்கட்டும்.